மஸ்கி தூண்டிற்கோல்: இரை மாறியபோது கோலும் மாறிய வரலாறு

மஸ்கி என்று தூண்டில்காரர்கள் சுருக்கி அழைக்கும் மஸ்கெலஞ்ச், வட அமெரிக்காவின் நன்னீரில் வாழும் பெரிய வேட்டை மீன்களுள் ஒன்று. பேரேரிகள், செயிண்ட் லாரன்ஸ் ஆறு, ஒகையோ ஆறு, மேல் மிசிசிப்பி ஆகிய நீர்ப்பரப்புகள் இதன் தாயகம். பெயர் அங்குள்ள பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்தது. இது எளிதில் இரை கவ்வாது. பத்தாயிரம் முறை வீசினால் ஒரு முறை சிக்கும் மீன் என்பது அப்பகுதியில் இதற்கு வழங்கும் பட்டப்பெயர். எண்ணிக்கை மிகைதான். ஆனால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை கனத்த இரையை வீசி இழுக்க வேண்டியிருப்பது உண்மை. ஆகவே எந்தக் கோலைக் கையில் எடுப்பது என்ற கேள்வி இந்த மீன்பிடியில் தோள்பட்டைக்கும் உரியது. மீனின் உயிருக்கும் உரியது.

மூங்கிலும் எஃகும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் கோல்களில் உயர்ந்தவை, பிளந்த மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. தொடக்கத்தில் அந்த மூங்கில் இந்தியாவிலிருந்து சென்றது. அது கப்பலேறிய துறைமுகத்தின் பெயரால் கல்கத்தா மூங்கில் என்றே கோல் செய்வோர் அதை அழைத்தனர். பின்னர் தென்சீனத்தின் டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. அக்காலப் போலி இரைகள் சிறியவை. நியூயார்க் மாநிலத்தின் ஜூலியோ பியூல் 1852-இல் காப்புரிமை பெற்ற சுழலும் உலோகக் கரண்டி இரைக்கு நெகிழ்ந்த மூங்கில் போதுமானதாக இருந்தது.

நிலைமையை மாற்றியவை மர இரைகள். மிச்சிகனின் டோவஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் தொடங்கிய தொழிலும், இந்தியானாவின் கிரீக் சப் நிறுவனமும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டை இரைகளைப் பெருமளவில் விற்றன. மஸ்கி இரையைக் கவ்வினால் அதன் பற்கள் மரத்தில் பதிந்து நின்றுவிடும். மீன் வாயை இறுக மூடியிருக்கும் வரை இரை அசையாது. இரை அசையாவிட்டால் முள் ஏறாது. போதாக்குறைக்கு அன்றைய பின்னல் நூல்கள் இழுத்தால் நீளும். இழுப்பின் பாதியை நூலே விழுங்கிவிடும். மீதிப் பாதியையாவது மீனின் வாய் வரை கொண்டுசேர்க்க வளையாத கோல் தேவைப்பட்டது. ஐந்து, ஐந்தரை அடி நீளத்தில் எஃகாலும், 1940-களின் இறுதிக்குப் பின் கண்ணாடியிழையாலும் வந்த கட்டையான கோல்களுக்கு இதுவே காரணம். பில்லியர்ட்ஸ் கோல் என்று அவற்றைக் கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் இருந்தாலும் அவற்றைச் செய்தவர்கள் அறியாமையால் செய்யவில்லை.

அதே காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்து ஆன்டிகோவைச் சேர்ந்த ஃபிராங்க் சூயிக் உருவாக்கிய தட்டையான மர இரை பரவியது. தானாக ஆடாத இரை அது. கோலின் நுனியைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் நீருக்குள் பாயும். விட்டால் மெல்ல மிதந்தெழும். தாழ்ந்த படகில் நின்றுகொண்டு கோலைக் கீழ்நோக்கி இழுக்கும்போது நீண்ட கோலின் நுனி தண்ணீரில் அடிக்கும். அதனால் குட்டைக் கோல் இங்கே வசதியாகவே இருந்தது. இன்றும் இவ்வகை வெட்டியிழுக்கும் இரைக்குப் பலர் ஏழு, ஏழரை அடிக்கு மேல் போவதில்லை. நுனி மட்டும் விறைப்பாக இருக்க வேண்டும்.

நீளாத நூல்

1970-களில் கரியிழைக் கோல்கள் வந்தன; எடை குறைந்தது. ஆனால் பெரிய திருப்பம் கோலில் நிகழவில்லை, நூலில் நிகழ்ந்தது. 1990-களில் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய நூல் கடைகளுக்கு வந்தது. மெல்லியது, மிக வலியது, ஏறக்குறைய நீளாதது. கோல் விறைப்பாக இருந்தே ஆக வேண்டும் என்ற பழைய காரணம் அத்துடன் போயிற்று. சொல்லப்போனால் விறைத்த கோலும் நீளாத நூலும் சேர்ந்தால் மீன் துள்ளும்போது முள் கிழித்துக்கொண்டு வெளியேறிவிடும். அதிர்ச்சியைத் தாங்கும் வேலை நூலிடமிருந்து கோலுக்கு மாறியது.

நீளம் கூடியதற்கு இன்னொரு காரணம் மீனின் பழக்கம். மஸ்கி இரையைப் படகு வரை பின்தொடர்ந்து வந்து, கவ்வாமல் நின்று பார்க்கும். தூண்டில்காரர் இரையை வெளியே எடுக்காமல், கோலின் நுனியை நீருக்குள் விட்டு எட்டு என்ற எண்ணின் வடிவில் சுற்றுவார். ஐந்தடிக் கோலில் அந்த வளைவு குறுகலாக இருக்கும். நீண்ட உடலுள்ள மீனால் அவ்வளவு ஒடுங்கித் திரும்ப முடியாது. எட்டரை, ஒன்பது அடிக் கோலில் வளைவு அகலமாகிறது.

2000-களில் பரவிய இரட்டைத் தகட்டுச் சுழல் இரைகள் இந்த மாற்றத்தை முடித்துவைத்தன. மான்வால் மயிருக்குப் பதில் ஜிகினா இழை கட்டிய இவற்றின் பெரிய தகடுகள் நீரைப் பலமாகத் தள்ளும். எடை அதிகமில்லை, இழுவைதான் கை ஒடிக்கும். இவற்றுக்கு நடுத்தரமாக வளையும் நீண்ட கோலும், கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் அளவுக்கு நீண்ட கைப்பிடியும், மெதுவாகச் சுற்றும் வலிய ரீலும் வேண்டும். புல் டாக் முதலிய மென்பிளாஸ்டிக் இரைகளின் சிக்கல் வேறு. அவற்றில் பெரியவை 450 கிராம் வரை போகும். அங்கே இழுவையைவிட வீசும் எடையே கோலை முறிக்கிறது. படகின் பின்னால் இழுத்துச் செல்லும் ஆழ்நீர் இரைகளுக்கோ கண்ணாடியிழை கலந்த மெதுவான கோலே இன்றும் ஏற்றது. நகரும் படகில் தாங்கியில் செருகிய கோல் வளைந்து கொடுக்காவிட்டால் மீன் தங்காது.

மீனின் பக்கம்

1949-இல் விஸ்கான்சினில் கால் ஜான்சன் பிடித்த 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீன், பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிக் கழகத்தின் பதிவில் இன்றும் உலக சாதனை. அந்நாளில் பிடித்த மீனைக் கொன்று காட்சிக்கு வைப்பதே வழக்கம். 1966-இல் மினசோட்டாவில் தொடங்கிய மஸ்கீஸ் இங்க் என்னும் அமைப்பு, பிடித்த மீனை விட்டுவிடும் பழக்கத்தைப் பரப்பியது. அதன்பின் கோலின் வலிமைக்கு வேறொரு பொருள் கிடைத்தது. மெல்லிய கோலில் மீனை நெடுநேரம் போராட விடுவதை வீரம் என்று கருதுவோர் உண்டு. அப்படிக் களைத்த மஸ்கி நீந்திச் செல்வதுபோல் தெரிந்தாலும் பிறகு இறந்துவிடக்கூடும். நீர் ஏறத்தாழ 27 பாகை செல்சியசைத் தாண்டும் கோடை நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். இதனால்தான் அந்நாட்களில் பலர் மஸ்கியைத் தேடிப் போவதே இல்லை.

ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்பவருக்கு அனுபவசாலிகள் பலர் சொல்வது எட்டரை அடி நீளக் கனத்த கோல். சுழல் இரைக்கும் நடுத்தர மென்பிளாஸ்டிக்குக்கும் அது போதும். வெட்டியிழுக்கும் இரையில் கொஞ்சம் தடுமாறும். வாங்கும்முன் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் இரை எடை வரம்பைப் படித்துப் பார்க்க வேண்டும். அதை மீறி வீசினால், கரியிழைக் கோல் முன்னறிவிப்பின்றி ஒடியும்.