இலவசக் கண் சத்திரசிகிச்சையின் மறைந்திருக்கும் செலவு

செங்கலடியில் இருக்கும் என் மாமிக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. யுத்தத்தில் கணவரை இழந்தவர். "ஆசுப்பத்திரியில காசு இல்ல மனே, போய்வரத்தான் காசு" என்றார். கண்புரைச் சிகிச்சைக்கு யார், எப்படிப் பணம் கொடுக்கிறார்கள் என்று நான் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இச்சத்திரசிகிச்சைக்குப் பெரும்பாலும் அரை மணித்தியாலம்கூடத் தேவையில்லை. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை வைப்பார்கள். பலர் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் அது நடக்குமா என்பதை மருத்துவம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

அமெரிக்காவின் மெடிகெயார் 1982 முதல் பகல்நேரச் சத்திரசிகிச்சை நிலையங்களுக்கும் பணம் கொடுத்தது. 1983இல், தங்கிய நாட்களைப் பாராமல் நோய்க்கு ஒரு நிலையான தொகை என்ற முறையை வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவந்தது. கண்புரைச் சிகிச்சை வார்டைவிட்டு வெளியேற இவையும் காரணம். எண்ணிக்கைக்குப் பணம் என்றால் தேவையற்ற சிகிச்சையும் நடக்கலாம் என்பது இம்முறையின் ஆபத்து.

மதுரையில் 1976இல் டொக்டர் கோ. வெங்கடசாமி 11 கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வேறு வழியில் சென்றது. பணம் செலுத்துவோரின் வருமானத்தில் ஏழைகளுக்கும் சிகிச்சை அளித்தது. 1992இல் ஒரோலாப் வில்லைகளைத் தயாரிக்கத் தொடங்க, அவற்றின் விலையும் பெரிதும் குறைந்தது.

இலங்கை அரச வைத்தியசாலைகள் ஆண்டு ஒதுக்கீட்டில் இயங்குகின்றன. நோயாளியிடம் கட்டணம் இல்லை. கூடுதலாக ஒரு சத்திரசிகிச்சை செய்தால் கூடுதல் பணம் வருவதுமில்லை. பொருள் தட்டுப்பட்டால் திகதி தள்ளிப்போகும். 2022 நெருக்கடியில் பல சத்திரசிகிச்சைகள் அப்படித்தான் பிற்போடப்பட்டன.

வீடு அனுப்பப்படுபவரின் செலவு எந்தக் கணக்கிலும் வராது. செங்கலடியிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குச் சுமார் 15 கிலோமீற்றர். கரடியனாற்றுப் பக்கத்தவருக்கு இன்னும் தூரம். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் சில தடவை கிளினிக் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் துணைக்கு வருபவரின் நாட்கூலி போகும்.

திகதி எடுக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வில்லையை வைத்தியசாலை தருமா? எத்தனை தடவை வரவேண்டும்? காப்புறுதி இருந்தால், இரவு தங்காத சிகிச்சைக்கும் அது பணம் தருமா? ஜனாதிபதி நிதிய மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்பதை ஏறாவூர்ப்பற்று செயலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

மாமிக்கு ஒரு கண் முடிந்துவிட்டது. மற்றக் கண்ணுக்காக இப்போது பஸ் காசு சேர்க்கிறார்.