நடக்க வைத்த மின்சாரம்

நெய்வேலி சுரங்கத்தில் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது 1961இல். அடுத்த வருடமே அதிலிருந்து மின்சாரம் வந்தது. அதே 1961இல், இடுப்பில் மாட்டும் சின்ன மின்கருவியால் பக்கவாத நோயாளிகளை நடக்க வைத்ததை அமெரிக்க மருத்துவர் லிபர்சன் வெளியிட்டார்.

யோசனை பழசுதான். வாதத்தால் விழுந்த கைகால்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்ததைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1757லேயே எழுதியிருக்கிறார். சில நாள் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நிலைக்கவில்லை.

அப்படியானால் லிபர்சன் செய்த புதுமை என்ன? நேரம்! பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குப் பாதம் தொங்கிப்போய், நடக்கும்போது தரையில் இடறும். அவர் ஷூவின் குதிகாலில் ஒரு சுவிட்ச் வைத்தார். குதிகால் எழும்பியதும் முழங்காலுக்குக் கீழே உள்ள நரம்புக்கு மின்சாரம் போகும், பாதம் தூக்கிக்கொள்ளும். குதிகால் ஊன்றியதும் மின்சாரம் நின்றுவிடும். இப்படிப் பழகிய பிறகு, கருவி இல்லாமலே பாதத்தைத் தூக்கியவர்களும் உண்டு.

ஆனால் கருவி மட்டும் போதாது. பழக்கிவிட ஆள் வேண்டும், இடம் வேண்டும். தமிழ்நாட்டில் முடங்கியவர்களுக்கு அப்படி ஒரு மறுவாழ்வு மையம் 1966இல் வேலூர் சி.எம்.சி.யில் திறக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு விபத்தில் இரு கால்களும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்தவர்!