வட்டெழுத்தும் எபிரேயமும்: கேரள யூதர் ஆவணங்களைக் காத்தல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களுக்கு அண்மையில் உள்ளது முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரம். அங்கு ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் 95 மாணவர்க்கான சாலையும் நிறுவியதை கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேடு கூறுகிறது. அதற்கு 17 ஆண்டுகள் முன்பு, 849இல், கொல்லத்தில் இதே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் திருவடி ஒரு கிறித்தவப் பள்ளிக்கு அளித்த கொடையை அது பதிவு செய்கிறது. கொடையைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களுக்கு அளிக்கப்பட்டது.

அச்செப்பேட்டின் இறுதியில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகளின் பெயர்கள் உள்ளன. எபிரேய எழுத்தில், பாரசீக மொழியில் ஒப்பமிட்டோர் நால்வர். கேரளத்து யூதர் குறித்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றான இதனை இன்றளவும் காத்து வருபவை கிறித்தவத் திருச்சபைகள் என்பது எண்ணத்தக்கது. ஒரு சமூகத்தின் ஆவணம் அச்சமூகத்தின் பெட்டகத்தில் மட்டுமே இருப்பதில்லை.

யூதர் தாமே காத்தவற்றுள் தலையாயது, கி.பி. 1000ஐ ஒட்டி பாஸ்கர ரவிவர்மன் இசுப்பு இரப்பானுக்கு 72 உரிமைகளுடன் அஞ்சுவண்ணப் பேறு வழங்கிய செப்பேடு. அது மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில் உள்ளது. சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த சாரா என்னும் பெண்ணின் எபிரேயக் கல்லறைக் கல் எஞ்சியுள்ளது. செம்பும் கல்லும் நிலைத்தன; தாள் நிலைக்கவில்லை. 1662இல் போர்த்துகீசியர் கொச்சி யூதர் தெருவைத் தாக்கியபோது ஏடுகளும் நூல்களும் அழிந்தன.

ஆயினும், தாளில் எழுதப்பட்ட ஒரு மரபைப் பெண்கள் காத்தனர். திருமணம், திருநாள், விவிலியக் கதை பற்றிய மலையாளப் பாடல்களைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் படியெடுத்துத் தலைமுறைதோறும் கைமாற்றினர். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அக்குறிப்பேடுகளும் உடன் சென்றன. பார்பரா ஜான்சன் முதலியோர் அவற்றைத் திரட்டினர். ஸ்கறியா சக்கரியா, ஓபிரா கம்லியேல் ஆகியோர் பதிப்பித்த ‘கார்குழலி’ 2005இல் ஜெருசலேமில் வெளிவந்தது. அரசர் ஆவணங்கள் உரிமைகளைச் சொல்கின்றன. வீட்டு வாழ்வைச் சொல்பவை இக்குறிப்பேடுகளே.

எனவே காத்தல் என்பது பூட்டி வைத்தல் அன்று. வட்டெழுத்து, எபிரேயம், பழைய மலையாளம் ஆகியவற்றைப் படிப்போர் அருகினால், அழியாத செம்பும் ஊமையாகிவிடும். 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்ட பின் தமிழ், மலையாளம் எனப் பிரிந்து பயிலப்படும் வரலாற்றை ஒருசேரப் படிக்கும் வாய்ப்பு, இரு மொழியும் புழங்கும் எல்லை ஊர் மாணவர்க்கு இயல்பாகவே உண்டு. பார்த்திவபுரம் செப்பேட்டைப் படிக்கப் பயின்றவருக்குத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் எழுத்தும் அயலானதன்று.