சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு: ஒரு காட்டுவழியின் கணக்கு

சென்ற வாரம் இலண்டனிலிருந்து நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். யால தேசியப் பூங்காவினுள் நான்கைந்து நாள் நடந்து செல்ல விரும்புகிறாராம். பயணத்தைத் திட்டமிட உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். "காடே இல்லாத யாழ்ப்பாணத்தவரிடம் இதைக் கேட்பது பொருத்தமோ தெரியவில்லை" என்று ஒரு பின்குறிப்பு வேறு.

பொருத்தந்தான். அந்தப் பூங்காவில் வாகனத்தை விட்டிறங்கி நடக்கச் சாதாரண நாட்களில் எவருக்கும் அனுமதியில்லை. ஆண்டுக்கொரு முறை, ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மட்டும், கதிர்காமப் பாதயாத்திரிகர்களுக்காகக் காட்டுவழி திறக்கப்படுகிறது. அந்த நெடும்பாதையின் வடமுனை, எங்கள் தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயில்.

அங்கிருந்து வேல் தாங்கிப் புறப்படுவோர் வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக நடந்து உகந்தையை அடைவர். மொத்தம் 500 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். ஏறத்தாழ ஒன்றரை மாத நடை. உகந்தை மலை முருகனை வணங்கிய பின்னரே காடு தொடங்கும்.

எங்கள் ஆச்சி இளவயதில் இவ்வழியே போய்வந்தவர். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, அவல் ஆகியவற்றைப் பொட்டலமாகக் கட்டியதையும், கொடுக்கவேண்டிய கடனையெல்லாம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டதையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். "சாமானைக் குறைச்சுப்போடு, தண்ணியை மறந்துபோகாதை" என்பார். காட்டு நடையின் முழுக் கணக்கும் அவ்வளவுதான்.

தென்கிழக்குக் காட்டுக்கு மழை தருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்று. ஆனி, ஆடியில் குளங்கள் சுருங்கிவிடும். எஞ்சிய நீரை நாடி யானையும் கரடியும் சிறுத்தையும் வரும். மனிதனும் அங்கேதான் போகவேண்டும். ஆகவே ஒருநாள் நடையின் அளவை நிர்ணயிப்பது காலின் வலிமையன்று. அடுத்த நீர்நிலையின் தூரம். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்னும் தங்கிடங்களின் வரிசை அப்படி அமைந்ததே. ஆறு வறண்டிருந்தால் மணலைத் தோண்டி, ஊறும் நீரை அள்ளிக்கொள்வர். இருட்டுமுன் கூட்டமாகத் தங்குவது, தனித்துப் போகாதிருப்பது என்பன எழுதப்படாத விதிகள். ஆண், பெண், சிறுவர் எவரையும் 'சாமி' என்றே அழைப்பர்.

இவ்வழி பூங்காவுக்கு மூத்தது. அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டிலேயே கதிர்காமத்தைப் பாடினார். நல்லூர் யோகர் சுவாமிகள் 1910இல் கதிர்காமத்துக்கு நடந்து சென்றார். அப்போது அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர், முன்பு யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய லெனாட் வூல்ஃப். திருவிழாக் காலத்தில் கதிர்காமத்தில் தங்கி யாத்திரிகர் கூட்டத்தை மேற்பார்வை செய்வதும் அவருடைய கடமைகளில் ஒன்று. யால தேசியப் பூங்காவானது 1938இல். உகந்தையை அடுத்த காடு 1970இல் யால கிழக்குப் பூங்காவாகி, 2006இல் குமண என்று பெயர் மாறியது. பழைய ஒற்றையடிப் பாதையின்மீது பின்னர்தான் எல்லைக்கோடுகள் வரையப்பட்டன.

1983 யூலைக் கலவரத்தோடு யாத்திரை தடைப்பட்டது. 1988இல், முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்த அனுபவமுள்ள அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் போன்றோரின் முயற்சியால் கிழக்கில் மீண்டும் உயிர்பெற்றது. எனினும் குடாநாட்டவருக்கு வழி எளிதில் திறக்கவில்லை. சந்நிதியிலிருந்து தொடங்கும் நீண்ட நடை உறுதியாக நிலைபெற்றது 2009இல் போர் முடிந்த பின்னரே. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் நாம் இழந்தது சில யாத்திரைகளை மட்டுமன்று. எந்த மரத்தடியில் நீர் ஊறும், எந்தத் துறையில் முதலை கிடக்கும் என்று அறிந்திருந்த முதியவர்களையும் இழந்தோம். அவர்களுடைய அறிவு ஏட்டில் இல்லை. முன்னே நடந்தவரின் பின்னே நடந்தவருக்கு மட்டுமே அது கிட்டியது.

இப்போது பல்லாயிரவர் நடக்கிறார்கள். தங்கிடங்களில் குடிநீர் வழங்கப்படுகிறது, நல்ல காரியந்தான். ஆனால் கூடவே பிளாஸ்ரிக் போத்தல்களும் காட்டுக்குள் போகின்றன. பூங்கா வாயில் எப்போது திறக்கும் என்ற தேதியே யாத்திரையின் கணக்காகிவிட்டது. சந்நிதியிலிருந்து வருபவர்கள் அதற்கு ஒன்றரை மாதம் முன்னரே நடக்கத் தொடங்கவேண்டும் என்பதைத் தேதி குறிப்போர் நினைவிற் கொள்வது நன்று.

நண்பருக்குப் பதில் எழுதிவிட்டேன். தனியே திட்டமிடவேண்டாம், வாயில் திறக்கும் காலத்தில் உகந்தைக்கு வந்து, நரைத்த தலையுள்ள சாமி ஒருவரின் பின்னால் நடக்கவும். கொண்டுபோகும் போத்தலைத் திரும்பக் கொண்டுவரவும். தண்ணீர் எங்கே இருந்தது என்பதை மட்டும் மறவாமல் குறித்துவைக்கவும். அது அடுத்து வருபவருக்கு வேண்டும்.