நிறம் மாறிய ஒளி

கொட்டகலைத் தேயிலைச் சரிவுகளில் மூடுபனி இறங்கும்பொழுது, கதிரவனின் ஒளி நுண்ணிய நீர்த்துளிகளிற் பட்டு நாற்புறமும் சிதறுகின்றது. மலையும் மரமும் வெண்திரைக்குள் மறைகின்றன. ஆயினும் அத்துளிகள் ஒளியின் திசையை மாற்றுகின்றனவேயன்றி, அதன் அலைநீளத்தை மாற்றுவதில்லை. ஒளிச்சிதறலின் பொது இயல்பு இதுவே என்றுதான் 19ஆம் நூற்றாண்டின் விஞ்ஞானிகள் கருதினர்.

அக்கருத்தை அசைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் கொம்ப்டன். எக்ஸ் கதிர்களைப் பென்சிற்கரியில் வீழ்த்திச் சிதறிய கதிர்களை அவர் அளந்தார். அவற்றுள் ஒரு பகுதியின் அலைநீளம் கூடியிருந்தது. ஒளி துணுக்குகளாகவும் இயங்குகின்றது. அத்தகைய துணுக்காகிய போட்டன் ஓர் இலத்திரனை மோதும்பொழுது, ஓடும் பந்து நிற்கும் பந்தை மோதினாற்போலத் தன் சக்தியில் ஒரு பங்கை அதற்கு ஈந்து விலகுகின்றது. சக்தி குறையவே அலைநீளம் கூடுகின்றது என்று 1923இல் அவர் விளக்கினார். 1927ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

அதே 1923இல் கல்கத்தாவிலே, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன், நீரிற் சிதறிய ஒளியில் மங்கலானதொரு நிறமாற்றத்தைக் கண்டார். நீரிற் கலந்த மாசே காரணமென எண்ணினர். மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தும் அது மறையவில்லை. கொம்ப்டன் பரிசு பெற்றதன்பின், எக்ஸ் கதிருக்கு நிகழ்வது கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கும் நிகழலாகாதோ என்ற வினா இராமனைப் பற்றிக்கொண்டது. வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் சோதனைகளைத் தொடர்ந்த அவர், 1928 பெப்ரவரி 28ஆம் நாள் நிறமாற்றத்தை ஐயமறக் கண்டார். 1930இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது.

எனினும் இரு விளைவுகளும் ஒன்றல்ல. கொம்ப்டன் கண்ட மாற்றம், புலனாகும் ஒளியின் அலைநீளத்தில் இலட்சத்தில் ஒரு பங்களவே ஆகும். இராமன் கண்டதோ, மூலக்கூறுகளின் அதிர்விலும் சுழற்சியிலும் ஒளி சக்தியைக் கொடுத்தும் பெற்றும் மாறுவதாகும். ஒப்புமை முற்றும் பொருந்தவில்லை; ஆனால் மாசென்று தள்ளக்கூடிய மங்கலொளியை மறுமுறை நோக்கும் துணிவை அதுவே அளித்தது.

பனி விலகியபின் கொட்டகலைக்கு மேலே விரியும் நீலவானிலும், காற்றின் மூலக்கூறுகளால் இவ்வாறு நிறம் மாறிய ஒளி மிகச்சிறு அளவிற் கலந்தே இருக்கின்றது.