பழைய லெதர் ஷூ வாங்கப் போறீங்களா? முதலில் அடியைத் திருப்பிப் பாருங்க

விவேக் நகரில் ரூம் எடுத்துத் தங்கி, பக்கத்தில் கோரமங்களா ஆபீசுக்கு ஸ்னீக்கர்ஸ் போட்டுப் போகிறவரா நீங்கள்? நண்பரின் கல்யாணமோ முக்கியமான மீட்டிங்கோ வந்தால் நல்ல ஃபார்மல் ஷூ தேடுவீங்க. புதுசு என்றால் விலை கையைக் கடிக்கும். அப்போதுதான் 'விண்டேஜ்' பக்கம் கண் போகும். அப்பாவின் அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டா, சிக்பேட்டை பக்கம் ஞாயிறுதோறும் கூடும் சண்டே பஜாரின் பழைய பொருள் குவியல், ஆன்லைனில் வரும் வெளிநாட்டு ஜோடி என வழிகள் பல உண்டு. எதை எடுக்கலாம், எதை விடலாம்?

சேகரிப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் 1873-ல் தொடங்கிய சர்ச்சஸ், அமெரிக்காவின் ஆல்டன் (1884), சிகாகோவின் ஃப்ளோர்ஷைம் (1892) ஆகியவை இந்த உலகில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். 'ஷெல் கார்டோவன்' என்ற குதிரைத் தோலில் செய்த பழைய ஷூவுக்குத் தனி மவுசு. சிகாகோவின் ஹார்வீன் ஆலையில் இந்தத் தோலைப் பதனிடவே குறைந்தது 6 மாதம் ஆகும்.

இதில் நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கு. ஆவாரம் பட்டையால் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல், 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கப்பலேறியது. சென்னை குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளின் தோலும் ஷூவும் இன்றும் வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போகின்றன. அதனால் 'ஃபாரின் ஷூ' என்றதும் மயங்கிட வேண்டாம்.

நல்ல ஷூ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்தோலையும் சோலையும் 'வெல்ட்' எனும் தோல் பட்டை இணைக்கிறதா என்று பாருங்க. ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில் 19-ம் நூற்றாண்டில் பரவியது இந்த இயந்திரத் தையல். இதுதான் 'குட்இயர் வெல்ட்'. சோல் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம், மேல்தோலுக்குச் சேதம் வராது.

சோலின் மேல் விளிம்பில் தையல் ஓடுவதை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க. சில ஷூக்களில் அது வெறும் அலங்காரம், சோல் பசையில்தான் நிற்கும். ஷூவுக்குள்ளே இன்சோல் மீது தையல் வரிசை தெரிந்தால் அது 'பிளேக்' தையல். அதற்கும் சோல் மாற்றலாம், ஆனால் அதற்கான மெஷின் வேண்டும்.

அடுத்தது தோல். நடந்து நடந்து விழுந்த மடிப்பு பிரச்சினை இல்லை. மடிப்பு வெடித்து விரிசலாகியிருந்தால் எந்த பாலிஷும் அதைச் சரிசெய்யாது, விட்டுடுங்க.

அப்பாவின் ஷூ ஏன் பொடிப்பொடியாக உதிர்கிறது?

சோல் பாலியூரித்தேன் என்றால் அப்படித்தான் ஆகும். காற்றின் ஈரப்பதம் அந்தப் பொருளை மெல்ல மெல்லச் சிதைக்கும். ஒருமுறைகூடப் போடாமல் டப்பாவில் வைத்திருந்தாலும் தப்பாது. எனவே 'அன்யூஸ்டு' என்று விற்கும் பழைய ஷூவின் சோல் எதில் செய்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்க.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

யோசிச்சுச் செய்யுங்க. இயந்திரங்கள் போன்ற மூலதனப் பொருட்கள் தவிர மற்ற பழைய பொருட்களை இறக்குமதி செய்ய அனுமதி தேவை என்கிறது இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை. பார்சல் கஸ்டம்ஸில் நின்றுவிடலாம். அளவையும் கவனியுங்க: ஆண்களுக்கான அமெரிக்க சைஸ் 9 என்பது, நம் கடைகளில் இருக்கும் பிரிட்டிஷ் அளவில் ஏறக்குறைய 8.

பெங்களூரு மழையில் எப்படிப் பாதுகாப்பது?

ஒரே ஜோடியைத் தினமும் போடாதீங்க. ஒருநாள் விட்டுப் போட்டால் வியர்வை காயும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்க. ஹேர் டிரையர் கூடவே கூடாது. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், துணிப் பை போதும். ரொம்ப நாள் கிடந்த ஷூவை உடனே மாட்டி நடக்காதீங்க. முதலில் தூசியைத் துடைத்து, லெதர் கண்டிஷனர் தடவி, ஓரிரு நாள் விட்டுவிடுங்க. காய்ந்த தோலை மடக்கினால் அங்கேயே வெடிக்கும்.

யார் ரிப்பேர் செய்வார்கள்?

வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஹீல் மாற்றுவது, பிரிந்த தையலைப் போடுவது, அரை சோல் ஒட்டுவதெல்லாம் தெருமுனைத் தொழிலாளியே செய்துவிடுவார். பெங்களூரு தெருக்களில் கர்நாடக அரசின் லிட்கர் கழகம் கொடுத்த சிறு பெட்டிக்கடைகளில் இவர்களைப் பார்த்திருப்பீங்க. வெல்ட் பிரித்து முழு சோல் மாற்ற, அதற்கான மெஷினும் அனுபவமும் உள்ளவர் தேவை. அந்தச் செலவையும் ஷூ விலையோடு கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

நார்தாம்ப்டன் தொழிலாளியைக் 'கைவினைஞர்' என்று கொண்டாடுகிறோம். அதே கைவேலையைச் செய்பவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கிய சமூகமும் நம்முடையதுதான். இன்றும் ஷூ தைப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அவர் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர விரும்பாததில் வியப்பில்லை. பழைய ஷூவை இன்னும் பத்து வருஷம் ஓட வைக்கப்போவது அவர் கைதான். அதனால் ஷூ பட்ஜெட் போடும்போது அவருக்கான நியாயமான கூலியையும் சேர்த்தே எழுதிக்கோங்க.