பச்சை குத்தலும் பதினெட்டு அகவையும்

ஊசியால் தோலைத் துளைத்து, உள்ளே நிறத்தைச் செலுத்தி, அழியாக் கோலம் இடும் வழக்கம் உலகின் பல திசைகளிலும் தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. தமிழர் இதனைப் பச்சை குத்துதல் என்றனர். கருநிற மை தோலின் அடியிற் சென்று தங்கியபின் பசுமை கலந்த நீலமாய்த் தோன்றுவதால் அப்பெயர் பொருந்திற்று. நம் தோட்டப்புறங்களில் வாழ்ந்த மூதாட்டியரின் முன்கைகளில் புள்ளிக்கோலமும் பெயரெழுத்தும் நிறம் மங்கியும் மறையாமல் இருந்ததை ஆசிரியருள் மூத்தோர் கண்டிருப்பர். எத்தனை வயதில் குத்திக்கொண்டீர்கள் என்று அவர்களைக் கேட்டால், "கல்யாணத்துக்கு முந்தி" என்பதுதான் விடையாய் வரும். ஆண்டுக் கணக்கு வராது.

சரவாக்கின் ஈபான் மக்களிடத்தும் இதுவே நிலை. இளைஞன் நீள்வீட்டை விட்டு உலகைக் காணப் புறப்படும் பருவத்தில், அவனுடைய இரு தோள்களின் முன்புறத்திலும் கத்தரிப்பூ வடிவத்தைக் குத்துவர். 'பூங்காய் தெரோங்' என்பது அதன் பெயர். அங்கும் எண் இல்லை, பருவமே உண்டு. இப்பருவக் கணக்கு எப்பொழுது எண்கணக்காக மாறியது, ஏன் மாறியது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. அம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் நாடு பிரிட்டன்.

1769ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மாலுமி சேம்சு குக்கின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தது. ஆங்கிலேயர் இன்று வழங்கும் 'டாட்டூ' என்னும் சொல் அத்தீவினரின் மொழியிலிருந்து அப்பயணத்தின் வழியாகவே ஆங்கிலத்திற் புகுந்தது. குக்குடன் சென்ற இயற்கை அறிஞர் சோசப் பேங்க்சு, அவ்வாண்டு சூலைத் திங்களில் தாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். பச்சை குத்தப்பட்டவள் ஏறத்தாழ 12 வயதுச் சிறுமி. சிறிது நேரம் பொறுத்திருந்த அவள், பின்னர் வலி தாளாமல் அழுதாள். இரு பெண்கள் அவளைப் பிடித்து அமுக்கினர்; அதட்டியும் நயந்தும் அடித்தும் வேலை முடியும்வரை விடவில்லை. அச்சிறுமியின் இசைவை எவரும் கேட்கவில்லை. ஆயினும் அவள் தனியே விடப்படவுமில்லை. அவளைச் சூழ்ந்து இருந்தவர்கள் அவளுடைய இனத்தார். நாளை அக்குறியைக் கண்டு மதிக்கப் போகிறவர்களும் அவர்களே. இதை நாம் நினைவில் இருத்தல் வேண்டும்.

கப்பலில் வந்த வழக்கம் முதலில் கப்பலோட்டிகளிடம் பரவிற்று. பின்னர் அரண்மனைக்கும் ஏறிற்று. 1862இல் வேல்சு இளவரசராய் இருந்த எட்வர்டு, எருசலேம் பயணத்தின்போது தம் கையில் சிலுவைக் குறி ஒன்றைக் குத்திக்கொண்டார். அவருடைய மைந்தர் ஜார்ஜ், 1881இல் போர்க்கப்பலில் பயிற்சி மாலுமியாய் யப்பான் சென்றவர், அங்கே கையில் ஒரு பறவைநாக உருவத்தைப் பெற்றுத் திரும்பினார். 1865 சூன் திங்களில் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது 16. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராய் முடிசூடியவர் இவரே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யப்பானிய அரசு 1872 முதலே தன் மக்களுக்குப் பச்சை குத்துதலைத் தடை செய்திருந்தது. வெளிநாட்டார் கண்ணுக்குத் தம் நாடு நாகரிகமற்றதாய்த் தோன்றிவிடக் கூடாதே என்னும் கவலையும் அத்தடைக்கு ஒரு காரணம். அந்த வெளிநாட்டாரின் இளவரசரோ அதே கலையை நாடி அங்கே கை நீட்டினார்! யப்பானியர் தடை 1948இல்தான் நீங்கியது.

1891இல் நியூயார்க் நகரத்தில் சாமுவேல் ஒரைலி என்பார் மின்விசையால் இயங்கும் பச்சை குத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இக்கருவி செய்த மாறுதல் பெரிது. மணிக்கணக்கில் கையால் குத்திய வேலை விரைவில் முடிந்தது, விலையும் இறங்கிற்று. துறைமுகத் தெருக்களில் கடைகள் எழுந்தன. சுவரில் தொங்கும் படங்களுள் ஒன்றைச் சுட்டிக் காசு கொடுத்தாற் போதும். தாகித்தியில் பெரியோர் முடிவு செய்தனர். சிறுமிக்கு வாய் இல்லை. இங்கோ சிறுவனே முடிவு செய்தான். அருகில் பெரியோர் ஒருவரும் இல்லை.

இந்நிலையில் எழுந்த வழக்கு ஒன்று 1967ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்ட ஏடுகளில் இடம்பெற்றது. 12, 13 வயதுடைய இரு சிறுவர்க்கு ஒருவர் பச்சை குத்தினார். சிறுவர்களின் கைகள் வீங்கி வலி கண்டன. உடற்காயம் விளைவித்த தாக்குதல் என்னும் குற்றம் அவர்மீது சாட்டப்பட்டது. சிறுவர்கள் தாமே விரும்பி வந்தனர் என்பது அவர் தரப்பு. செய்யப்படும் செயலின் தன்மையை உணரும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை. ஆகவே அவர்கள் தந்த இசைவு இசைவே ஆகாது என்று நீதிமன்றம் தீர்த்தது.

முடிவு நேரியதே. எனினும், அதற்குச் சொன்ன காரணம் முழுமையுடையதாய் எமக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பச்சை என்றால் இன்னதென்று தெரியாதா? நன்றாய்த் தெரியும். ஊசி குத்தும் என்பதும், குறி நிலைக்கும் என்பதும் தெரியும். அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான்: நாற்பது வயதில் தான் யாராக இருக்கப் போகிறான் என்பது. வகுப்பறையிற் பல்லாண்டு நின்றவர்க்கு இது விளக்கம் வேண்டாத செய்தி. ஏழாம் வயதில் உயிர்த்தோழன் பெயரைப் புத்தக அட்டையெங்கும் எழுதும் பிள்ளை, அடுத்த ஆண்டு அதே பெயரை அழிப்பானால் தேய்த்துக்கொண்டிருக்கும். அட்டை தேயும், தோல் அவ்வாறு தேய்வதில்லை.

மேலும், தாக்குதற் சட்டம் இதற்கு ஏற்ற கருவியும் அன்று. சிறுவன் உணர்ந்தானா என்பதை வழக்குதோறும் ஆராய வேண்டும். பதினாறு வயதினன் ஒருவன் எல்லாம் உணர்ந்தே செய்தேன் என்று கூறின் என் செய்வது? இதற்கு எண்ணொன்றை வரையறுத்தலே தெளிந்த வழியாயிற்று. டென்மார்க் நாடு 1966இலேயே சட்டம் இயற்றி, 18 வயது நிரம்பாதவர்க்குப் பச்சை குத்துதலைத் தடுத்தது. அத்துடன் எவ்வயதினர்க்கும் தலை, கழுத்து, கை ஆகிய இடங்களில் குத்தலாகாது என்றும் விதித்தது. மறைக்கவியலாத இடங்கள் அல்லவா அவை!

பிரிட்டன் நாடாளுமன்றம் 1969ஆம் ஆண்டு மே திங்களில் சிறார் பச்சை குத்தல் சட்டத்தை நிறைவேற்றியது. மிகச் சிறிய சட்டம் இது. 18 வயதுக்குட்பட்டவர்க்குப் பச்சை குத்துதல் குற்றம். மருத்துவக் காரணத்துக்காக மருத்துவரோ அவருடைய ஆணைப்படி நடப்பவரோ செய்வது மட்டும் விலக்கு. குத்தப்பட்டவர் 18 நிரம்பியவர் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அவ்வாறே உண்மையில் நம்பியிருந்தால், அது குத்தியவர்க்குக் காப்பாகும். நிலையான குறி பதியும் நோக்குடன் நிறப்பொருளைத் தோலினுள் செலுத்துதலே பச்சை குத்தல் என்னும் விளக்கமும் உண்டு. தண்டனை, பணத்தண்டம். இங்கிலாந்தில் அது இன்று 1,000 பவுன் வரை செல்லும். இச்சட்டம் தொடக்கத்தில் வட அயர்லாந்தைத் தழுவவில்லை. அங்கு 1979இல் தனியாணை பிறந்தது.

சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து நோக்கின் இரு செய்திகள் புலப்படும். ஒன்று, குற்றம் குத்துபவர்மேலது, பிள்ளையின்மேல் அன்று. வயதை உசாவி அறியும் பொறுப்பு கடைக்காரர் தலையில் வைக்கப்பட்டது. மற்றொன்று, பெற்றோரைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. தாயே கைப்பிடித்து அழைத்து வந்து நின்றாலும் குற்றம் குற்றமே.

பதினெட்டு என்னும் எண் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் பழைய சட்டப்படி ஒருவர் முழுவயது எய்துவது 21இல். கனத்த இரும்புக் கவசம் தாங்கிப் போரிடும் வலிமை இளைஞனுக்கு அவ்வயதிலேயே வாய்க்கும் என்று வீரர்குடியினர் கருதியதிலிருந்து அது தோன்றிற்று என்பர். கவசம் போய்ப் பல நூற்றாண்டு ஆகியும் எண் மட்டும் போகவில்லை. நீதிபதி லேட்டி தலைமையில் அமைந்த குழு 1967இல் அதனை 18ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அதனை ஏற்ற குடும்பச் சட்டத் திருத்தம் 1969 சூலையில் நிறைவேறி, 1970 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. வாக்குரிமை வயதும் 1969இலேயே 18ஆக இறங்கியது. ஆக, பச்சை குத்தல் சட்டம் பிறந்த மே திங்களில் இருபது வயதினர் சட்டத்தின் கண்ணில் இன்னும் சிறார். ஆனால் தோலைப் பொறுத்தமட்டில் பெரியோர். நம் மலேசியாவும் 1971ஆம் ஆண்டின் முழுவயதுச் சட்டத்தால் 18ஐயே எல்லையாக ஏற்றது.

அதே குடும்பச் சட்டத் திருத்தம், 16 வயது நிரம்பியவர் அறுவை மருத்துவத்துக்குத் தாமே இசைவு தரலாம் என்றும் கூறிற்று. வயிற்றைக் கிழிக்க இசையலாம். கையில் ஒரு பூவைக் குத்த இசையக் கூடாது! மாணவர் இதனை முரண்பாடு எனக் கருதி நகைத்தல் கூடும். எம் எண்ணம் வேறு. அறுவை உடல்நலம் கருதியது. அதனைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே கேடு நேரலாம். பச்சையை ஈராண்டு தள்ளிப்போடுவதால் எவர்க்கும் ஒரு குறையும் நேராது.

பெற்றோர் இசைவைப் பற்றி நாடுகள் ஒத்த கருத்துடையன அல்ல. பிரான்சு 2008ஆம் ஆண்டின் ஆணையால், பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் இசைந்தால் சிறார்க்கும் குத்தலாம் என்றது. அவ்விசைவுக்குரிய சான்றைக் குத்துபவர் மூன்றாண்டுகள் பாதுகாத்து வைத்தல் வேண்டும். குடும்பத்தின் உரிமையை மதிப்பது பிரெஞ்சு வழி. பிள்ளையின் தோல் பெற்றோர்க்கும் உரியதன்று என்பது ஆங்கிலேயர் வழி. தாகித்திச் சிறுமியைப் பிடித்திருந்த அவ்விரு பெண்களை எண்ணுங்கால், எம் மனம் ஆங்கிலேயர் வழியையே நாடுகிறது.

சட்டம் எட்டாத இடங்களும் இருந்தன. போர்ஸ்டல் என்னும் இளங்குற்றவாளிகளின் சீர்திருத்த நிலையங்களில் பையன்கள் ஊசியையும் மையையும் கொண்டு தமக்குத் தாமே புள்ளி குத்திக்கொண்டனர். அந்நிலையங்கள் 1982ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. புள்ளிகளோ அவற்றைத் தாங்கியவர்களுடன் முதுமை எய்தின. வேலை கேட்டுச் செல்லும் இடத்தில் எல்லாம் அப்புள்ளி அவர்களுக்கு முந்திக்கொண்டு பேசிற்று. நிறப்பொருள் செலுத்தினால்தான் பச்சை என்று 1969இன் சட்டம் வரையறுத்ததால், உடலைத் துளைத்து அணி பூட்டுதல் அதனுள் அடங்கவில்லை. வேல்சு நாட்டில் 18க்குட்பட்டவர்க்கு மறைவிடங்களில் துளையிடுதல் 2018 பிப்ரவரி முதல்தான் தடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல், முகச் சுருக்கம் நீக்கும் ஊசிமருந்தையும் இதழைப் பருக்கச் செய்யும் நிரப்புப் பொருளையும் அழகுக்காகச் சிறார்க்குச் செலுத்துதல் குற்றமாயிற்று. அச்சட்டத்திலும் வயது 18. குற்றம் ஊசி பிடித்தவர்மேலது. பெற்றோர் இசைவுக்கு அங்கும் இடமில்லை.